குழாயில் ஒரு எண், கணினியில் ஒரு எண்

ஜொகூர் மாநிலத்துச் செடெனாக் பக்கத்தில், பாமாயில் எனப்படும் செம்பனை எண்ணெய் பிழியும் ஓர் ஆலையில் நான் ஆய்வுக்கூட உதவியாளராக வேலை பார்த்தேன். அங்கே என் பதினோராவது ஆண்டில், நான் வேலை செய்வதைப் பார்ப்பதற்கென்றே ஒரு பெண் வந்தாள். கோவிட் கட்டுப்பாடுகளெல்லாம் முடிந்து, முகக்கவசத்தை யாரும் போடாத காலம் அது.

மேலாளர்தான் அவளை அழைத்துவந்தார். வயது இருபத்தேழு இருக்கும். ஜொகூர் பாருவிலிருந்து தினமும் காரில் வந்துபோகப் போகிறாள், முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள், ஆறு மாதம் இங்கே உட்கார்ந்திருப்பாள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கை கழுவிக்கொண்டே கேட்டேன்.

“கெமிஸ்ட்ரியா மிஸ்?”

“இல்லக்கா.”

“வேற என்ன சயன்ஸ்?”

“சயன்ஸ் இல்லக்கா. சயன்ஸ் வேலை செய்றவங்கள, அவங்க எப்படிச் செய்றாங்கன்னு படிக்கிறேன். ஒரு நம்பர் எங்க பொறக்குது, யார் கையில பொறக்குதுன்னு பார்க்கணும்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அறிவியலும் தொழில்நுட்பமும் மனிதர்களுக்குள் எப்படி நடக்கின்றன என்று ஆராய்வதற்கு ஒரு துறையே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். உண்மையைச் சொல்வதென்றால், வேலைத்திறனை அளந்து ஆள்குறைப்பு செய்ய நிர்வாகம் அனுப்பிய ஆளோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவள் ஒரு தாளை நீட்டினாள். ஆங்கிலத்திலும் மலாயிலும் அச்சடித்திருந்தது. நான் பேசுவதையும் செய்வதையும் அவள் எழுதிக்கொள்ளலாம் என்று நான் சம்மதிக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம். எழுதியதை மேலாளர் உட்பட யாருக்கும் காட்டமாட்டாள்.

“நான் வேணாம்னு சொன்னா நீங்க போயிருவீங்களா?”

“ஆமாக்கா. இன்னிக்கே போயிருவேன்.”

அந்த ஆலையில் எத்தனையோ தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு உரிமை உண்டு என்று எழுதியிருந்த தாளை அதுவரை பார்த்ததில்லை. அதற்காகவே கையெழுத்துப் போட்டேன்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செம்பனைப் பழம் அடிபட்டாலோ, வெட்டி நாளாகிக் கிடந்தாலோ, அதன் எண்ணெயில் அமிலம் கூடிவிடும். அமிலம் ஓர் அளவைத் தாண்டினால் சுத்திகரிப்பு ஆலைக்காரர்கள் எண்ணெயை எடுக்கமாட்டார்கள். அதைச் சோதிப்பதுதான் என் வேலை. சூடாக்கிய எண்ணெயைக் கண்ணாடிக் குடுவையில் எடை போட்டு எடுத்து, சாராயம் போன்ற ஒரு திரவத்தில் கலக்கி, நிறம் காட்டும் மருந்து சில சொட்டு விட்டு, மேலே நிற்கும் கோடு போட்ட குழாயிலிருந்து காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இளஞ்சிவப்பு வந்து நிலைத்தால் நிறுத்தி, குழாயில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று படிக்க வேண்டும். புத்தகத்தில் இப்படி நான்கு வரிதான். ஆனால் செம்பனை எண்ணெயே செக்கச் செவேலென்று இருக்கும். அதற்குள் இளஞ்சிவப்பை எங்கே தேடுவது?

அவள் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, தடித்த நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டாள். முதல் இரண்டு வாரம் எனக்குக் கையே ஓடவில்லை. அவள் இருக்கிறாளே என்று எல்லாவற்றையும் கையேட்டில் உள்ளபடியே செய்யப்போய், அரை மணி நேர வேலை ஒரு மணி நேரம் ஆனது. தொட்டியிலிருந்து மாதிரி எண்ணெய் கொண்டுவருபவர் எங்களுக்கெல்லாம் மூத்த மலாய்க்காரர். அண்ணன் என்ற முறையில் அபாங் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். என்னோடேயே வேலை செய்து தமிழும் பேசுவார். அவர் வாசலில் நின்று சிரித்தார்.

“அலமாக்! இன்னிக்கி பரீட்சையா?”

அவளும் சிரித்துவிட்டாள். அன்றைக்குப் பிறகு நான் பழையபடி வேலை செய்ய ஆரம்பித்தேன்.

அவள் கேட்கிற கேள்விகள் ஒரு மாதிரியாக இருக்கும். “குடுவையை ஏன்க்கா ஜன்னல் பக்கம் தூக்கிப் பாக்குறீங்க?” “ஏன் முன்னாடி செஞ்ச குடுவையைக் கழுவாம பக்கத்துல வெச்சிருக்கீங்க?” எனக்கே தெரியாது. அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். யோசித்துச் சொன்னேன். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாம் மஞ்சளாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில்தான் சிவப்புக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியும். பழைய குடுவை பக்கத்தில் இருந்தால்தான் எங்கே நிறுத்தினேன் என்று கண்ணுக்கு ஞாபகம் இருக்கும்.

ஒரு நாள், தானே செய்துபார்க்கிறேன் என்றாள். விட்டேன். சொட்டு விழுந்துகொண்டே இருந்தது, அவள் நிறுத்தவே இல்லை.

“போதும் போதும்! தாண்டிருச்சு!”

“எங்கக்கா? எனக்கு ரெண்டும் ஒரே ஆரஞ்சுதானே.”

“ஆரஞ்சுத் தண்ணியில ஒரு சொட்டு ரோஸ் சிராப் விழுந்தா எப்படி இருக்கும்? அது.”

அவள் குடுவையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ஓம்!” என்றாள். ஆச்சரியம் வந்தால் அவளுக்கு அந்தச் சொல்தான் வரும். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர் என்று பிறகு சொன்னாள். வீட்டில் இங்கிலீஷ்தான், தமிழில் மிச்சமிருப்பது இப்படிச் சில சொற்களும் சாப்பாட்டுப் பெயர்களும் என்றாள். எங்கள் அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம் நாங்கள். வேறு வழியில் நாங்கள் இரண்டு பேரும் சந்தித்திருக்கவே மாட்டோம். மூன்றாவது வாரத்துக்கு மேல் மிஸ் போய் தங்கச்சி ஆனாள். என் சாப்பாட்டு டப்பாவில் அவளுக்கும் ஒரு பங்கு போனது.

அவள் வருவதற்கு ஒரு மாதம் முன்புதான் ஆலையில் ஒரு புதுக் கணினித் திட்டம் கொண்டுவந்திருந்தார்கள். அதற்கு முன் கணக்கையெல்லாம் நானே பெரிய அட்டை போட்ட பதிவேட்டில் எழுதுவேன். இனி குழாயில் படித்த எண்ணையும் எண்ணெயின் எடையையும் தட்டினால் போதும், அமிலம் எவ்வளவு என்று கணினியே சொல்லிவிடும். நல்லதுதான். ஆனால் அதில் ஒரு கோளாறு இருந்தது. காரக் கரைசலைப் புதிதாகக் கலக்கும் ஒவ்வொரு முறையும் அதன் வலிமை கொஞ்சம் ஏறும், இறங்கும். அதைச் சோதித்து பாட்டிலில் எழுதி ஒட்டி, அந்த எண்ணைக் கணக்கில் சேர்க்க வேண்டும். கணினியில் அந்தக் கட்டம் ஒரே எண்ணோடு பூட்டிக் கிடந்தது. மாற்றவே முடியவில்லை. போட்டுக்கொடுத்த கம்பெனிக்குப் போன் செய்தேன். “சின்ன விஷயம்தான், அடுத்த தடவை பாக்குறோம்” என்றார்கள். அடுத்த தடவை வரவில்லை.

விடை தப்பாக வருகிறதே, நான் என்ன செய்வது? கரைசலின் வலிமை கூடியிருந்தால் குழாயில் படித்த எண்ணைக் கொஞ்சம் கூட்டியும், குறைந்திருந்தால் கொஞ்சம் குறைத்தும் தட்டினேன். விரல்விட்டுக் கணக்குப் போட்டு, கணினி சரியான விடையைச் சொல்லும்படி பார்த்துக்கொண்டேன். பழைய பதிவேட்டிலும் எப்போதும் போல எழுதிவந்தேன். கணினி வந்த பிறகு அதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எழுதாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

மழைக்காலம் வந்தது. அவள் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு மதியம், சோதனை முடித்துக் கணினியில் தட்டிக்கொண்டிருந்தேன். முக்காலியிலிருந்து அவள் கேட்டாள்.

“அக்கா, குழாயில ஒரு நம்பர் இருந்துச்சு. நீங்க கம்ப்யூட்டர்ல வேற நம்பர் போட்டீங்க. ஏன்?”

அவள் குறை சொல்லிக் கேட்கவில்லை. ஜன்னலைப் பற்றிக் கேட்ட அதே குரலில்தான் கேட்டாள். எனக்குத்தான் முகம் சூடாகிவிட்டது. இத்தனை நாளும் அதை ஒரு தப்பாக நினைத்ததே இல்லை. அவள் வாயிலிருந்து கேட்டதும், திருட்டுத்தனம் பண்ணிப் பிடிபட்டது போல ஆகிவிட்டது.

“கண்ணு தப்பிருச்சு போல” என்று பொய் சொன்னேன். அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் ரோஷத்தில் குழாயில் இருந்த எண்ணை அப்படியே தட்டினேன். மழையில் லாரிகள் தோட்டத்துச் சேற்றில் சிக்கி, பழம் நாள்கணக்கில் கிடந்து வந்திருந்த நேரம். அமிலம் ஏற்கெனவே எல்லையை ஒட்டித்தான் நின்றது. அன்றைய கரைசலோ வலிமை கூடிய கரைசல். கணினி குறைத்துக் காட்டியது. எண்ணெய் நல்ல எண்ணெய் என்று சீட்டு அச்சாகி, டாங்கர் லாரி கிளம்பிப் போனது. பதிவேட்டில் வழக்கம் போல எழுதினேன், ஆனால் அன்றைக்கு இருந்த மனநிலையில் எல்லையைப் பார்க்கவே இல்லை. அது என் தவறுதான். இப்போதும் ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த நாள் காலை அந்த லாரி அப்படியே திரும்பி வந்து வாசலில் நின்றது. சுத்திகரிப்பு ஆலையின் ஆய்வுக்கூடம் எடுக்க மறுத்துவிட்டது. அவர்கள் எண் வேறு, எங்கள் எண் வேறு.

மேலாளர் என்னையும் அபாங்கையும் அறைக்கு வரச் சொன்னார். பின்னாலேயே அவளும் வந்தாள். மேலாளர் நம்மவர்தான், ஓய்வு பெற இரண்டு ஆண்டு இருந்தது. கோபம் வந்தால் குரலை உயர்த்தமாட்டார், தாழ்த்துவார்.

“என்னம்மா இது? பதினோரு வருசத்துல இப்படி ஒரு லோரி திரும்பி வந்திருக்கா?”

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“நீங்க நேத்து லேப்லதானே இருந்தீங்க? எல்லாம் எழுதுறீங்க இல்ல? அந்த நோட்டைக் கொடுங்க. என்ன நடந்துச்சுன்னு பாத்துர்லாம்.”

அவள் நோட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மன்னிக்கணும் சார். கொடுக்க முடியாது.”

“என் மில்லுல உக்காந்து எழுதினது.”

“ஆமா சார். ஆனா யாருக்கும் காட்டமாட்டேன்னு அவங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கேன்.”

“அப்ப நாளையிலேர்ந்து வர வேணாம்.”

“சரி சார்.”

அவ்வளவுதான். சரி என்று சொல்லிவிட்டாள். நான்கு மாத உழைப்பு, அவள் பட்டம், எல்லாம் அந்த ஒரு சொல்லில் போகிறது. அந்த நோட்டில் நேற்று முன்தினம் அவள் கேட்ட கேள்வியும் இருக்கும், நான் சொன்ன பொய்யும் இருக்கும். அதைக் கொடுத்துவிட்டால் அவளுக்கு ஒன்றும் ஆகாது, எனக்குத்தான் ஆகும். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. சொல்லுங்கள் என்று கண்ணால் கேட்டால்கூட அது என்னைக் கட்டாயப்படுத்துவதாகிவிடும் என்று நினைத்தாளாம். பிறகு சொன்னாள்.

“சார், நான் சொல்றேன்” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டிக் கிடக்கும் கட்டம், கம்பெனிக்குப் போன் செய்தது, விரல்விட்டுக் கணக்குப் போட்டு எண்ணை மாற்றித் தட்டியது, நேற்று வெட்கப்பட்டு மாற்றாமல் விட்டது.

“அப்ப இத்தனை மாசமா பொய் நம்பர் போட்டிருக்கே.”

“போட்ட நம்பர்தான் சார் பொய். வந்த விடை எல்லாம் சரி.”

இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அபாங் யாரும் கேட்காமலே போய், ஆய்வுக்கூடத்திலிருந்து என் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். பிறகு மலாயில் பேசினார். இருபது ஆண்டாகத் தான் எண்ணெய் சுமந்துவந்து கொடுப்பதாகவும், இந்தப் பெண் கை தப்பியதில்லை என்றும், தப்பு அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்றும் சொன்னார்.

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சுத்திகரிப்பு ஆலை அனுப்பிய பழைய சீட்டுகளை ஒரு கோப்பிலிருந்து எடுத்து, என் பதிவேட்டோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டே இருந்தோம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. வெகுநேரம் கழித்து நிமிர்ந்தார்.

“அவனுங்க நம்பரும் உன் புத்தகமும் ஒண்ணாத்தான் இருக்கு. நேத்து அனுப்பின லோரியும்தான்.”

ஒத்துப்போகாதது அந்த ஒரு நாள் கணினி அச்சடித்த சீட்டு மட்டும். கணினிக் கம்பெனிக்கு அவரே போன் போட்டார். நான் கேட்டபோது வராதவர்கள் அந்த வாரமே வந்து கட்டத்தைத் திறந்துவிட்டார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். “கொடுக்காம இருக்க முடியாதும்மா, கோவிச்சுக்காதே” என்றார். கதவருகே போனதும் கூப்பிட்டு, “அந்தப் பொண்ணை நாளைக்கி வரச் சொல்லு” என்றார். அவர் அப்படிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஒரு மேலாளரிடம் அவள் முடியாது என்று சொல்லியிருந்தாள். அதை மன்னித்தது பெரிய மனது. அவர் ஓய்வு பெற்ற அன்று இதை நேரில் சொல்லி நன்றி சொன்னேன். அவருக்கு அது ஞாபகமே இல்லை.

அன்று கார் நிறுத்துமிடத்தில் அவள் அழுதாள்.

“என்னாலதான்க்கா. நான் கேக்காம இருந்திருந்தா நீங்க வழக்கம்போல போட்டிருப்பீங்க. எல்லாம் சரியா போயிருக்கும்.”

“சரியா போயிருக்கும். நான் ரிட்டையர் ஆகுற வரைக்கும் விரலை எண்ணிக்கிட்டே இருந்திருப்பேன்” என்றேன். அவள் அழுகையோடு சிரித்தாள்.

ஆறு மாதம் முடிந்து அவள் போய்விட்டாள். ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்து, பொந்தியான் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு, வழியில் பெக்கான் நானாஸில் வாங்கிய நான்கு அன்னாசிப் பழங்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூடவே ஒரு கட்டுத் தாள். என்னைப் பற்றிய அத்தியாயம் என்றாள். அச்சுக்குப் போகும் முன் நான் கேட்க வேண்டுமாம். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு பத்தியாகப் படித்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். என் ஜன்னல் அதில் இருந்தது. ரோஸ் சிராப் இருந்தது. ஓர் இடத்தில் அவளை நிறுத்தினேன்.

“என்ன சொன்னே? திரும்பப் படி.”

“அந்த உதவியாளர் தன் திருத்தத்தைக் கணினியிடமிருந்து மறைத்தார்…”

“நான் மறைக்கல. மறைக்கிறவ புத்தகத்துல எழுதுவாளா? கம்ப்யூட்டருக்குத் தெரியாததை நான் சொல்லிக் கொடுத்தேன். அதுக்குக் கேக்குறதுக்குக் காது இல்ல, அதனால அதுக்குப் புரியுற மாதிரி சொன்னேன்.”

அவள் “ஓம்” என்றாள். அந்த வரியை அடித்துவிட்டு நான் சொன்னதையே எழுதிக்கொண்டாள். பிறகு அந்த அத்தியாயத்தின் முடிவையே மாற்ற வேண்டும் என்றாள். இரண்டு வாரம் கழித்து மாற்றி எழுதிக் கொண்டுவந்தாள். என்னைவிட பன்னிரண்டு வயது சின்னவள், அவ்வளவு படித்தவள், நான் சொன்னேன் என்பதற்காக எழுதியதை அடித்தாளே, அதை நான் மறக்கவே இல்லை.

அப்படி இரண்டாம் முறை வந்து கிளம்பும்போதுதான் கேட்டாள். “அக்கா, நீங்க இதைப் படிக்கலாமே?”

“எதை?”

“என் துறையை. பார்ட் டைமா.”

எனக்கு நாற்பது முடிந்திருந்தது. டிப்ளோமாவோடு படிப்பை நிறுத்தியவள். சிரித்தேன். என் கணவர் அப்போதுதான் சிங்கப்பூர் வேலை முடித்து, எல்லைப் பாலத்து நெரிசலில் இரண்டு மணி நேரம் மோட்டார் சைக்கிளில் நனைந்து வந்து சேர்ந்திருந்தார். தலை துவட்டிக்கொண்டே, “போ லா. சனி ஞாயிறு நான் சமைக்கிறேன்” என்றார். அவருக்குத் தெரிந்தது சார்டின் சம்பல் ஒன்றுதான். பல வாரங்கள் நானும் எங்கள் மகளும் அதையே சாப்பிட்டோம்.

என் வேலை அனுபவத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒரு பல்கலைக்கழகம் என்னைச் சேர்த்துக்கொண்டது. ஆங்கிலம்தான் உயிரை எடுத்தது. என் கட்டுரைகளை அவள் வரி வரியாகத் திருத்தித் தந்தாள், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பிறகும் அங்கிருந்தே. அவளுடைய ஆங்கிலத்தில் உள்ள பெரிய வார்த்தைகளை நான் பதிலுக்குக் கேலி செய்வேன். அபாங்கிடம் நான் படிக்கப் போவதைச் சொன்னபோது, பரீட்சை நாள்களில் என் ஷிப்டை மாற்றிக்கொடுக்கச் சொல்லி அவரே ஆபீஸில் போய் நின்றார்.

இப்போது ஆலை வேலையை விட்டுவிட்டேன். ஓர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராக இருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் பேருந்தில் மூவார் போகிறேன். அங்கே ஒரு மரச்சாமான் பட்டறையில், கணினி வைத்து மரம் அறுக்கும் இயந்திரம் வந்திருக்கிறது. பலகையில் கணுவிருக்கும் இடத்தை அந்த இயந்திரத்துக்கு யார் சொல்லித் தருகிறார்கள் என்று பார்க்கிறேன். அங்கே வேலை செய்யும் சீன அம்மா ஒருவர், முதல் இரண்டு வாரம் என்னோடு பேசவே இல்லை. இப்போது ஒத்தாக் ஒத்தாக் என்கிற, இலையில் சுற்றிச் சுட்ட மீன் பண்டம் வாங்கினால் எனக்கும் நான்கு எடுத்து வைக்கிறார்.

போன மாதம் அவளுடைய ஆய்வு புத்தகமாக வந்து, தபாலில் எனக்கு ஒரு பிரதி வந்தது. நன்றி சொல்லும் பக்கத்தை மகள்தான் முதலில் புரட்டினாள். பல்கலைக்கழகம், பேராசிரியர்கள், அவள் அம்மா அப்பா, எல்லாருக்கும் பெயர் இருந்தது. கடைசியில், “ஜன்னல் பக்கம் குடுவையைத் தூக்கிப் பார்க்கும் அக்காவுக்கு, முதலிலும் முடிவிலும்” என்று மட்டும் இருந்தது.

“என்னம்மா, ஒங்க பேரையே காணோம்?” என்று மகள் கோபப்பட்டாள்.

ஆய்வில் கலந்துகொண்டவர்களின் பெயரைப் போடக் கூடாது, அது எங்களைக் காப்பாற்றுவதற்கான விதி, அதற்காகத்தான் ஒரு நாள் அவள் ஒரு மேலாளர் முன்னால் நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள் என்று விளக்கினேன். நானும் மூவாரில் யார் பெயரையும் எழுதுவதில்லை என்றேன். மகள் முழுவதையும் கேட்டாள். தலையாட்டினாள். பிறகு பென்சிலை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் என் முழுப் பெயரையும் என் அப்பா பெயரோடு சேர்த்து எழுதினாள். இது நம்ம வீட்டுப் புத்தகம்தானே என்றாள். நான் அதை அழிக்கவில்லை.